பங்குக்கு வந்த வீடு

பஞ்சாபில், ஜக்ராவோன் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மிட்டாய்க் கடை மாடியில் நடந்த ஆங்கில வகுப்பில் மன்ரூப் கௌர்தான் வயதில் மூத்தவள். கணவன் லக்வீர் இங்கிலாந்தில், டார்பி நகரத்தில், சரக்கு வண்டி ஓட்டினான். அவனிடம் போய்ச் சேர வேண்டுமானால் அவள் ஓர் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். மற்றவர்கள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். பாடம் சொன்ன ககன்ஜோத்கூட இவளைவிடச் சின்னவள்.

அன்றைக்கு ககன்ஜோத் பலகையில் ஒரு வினைச்சொல்லை எழுதினாள். வேண்டலைஸ்.

"யாராவது அர்த்தம் சொல்லுங்க பாப்போம்."

"வண்ட்னு வருதே மேடம்!" கடைசி பெஞ்சிலிருந்து தில்பாக் கத்தினான். "அண்ணன் தம்பி பங்கு பிரிக்கறது!"

வகுப்பே சிரித்தது. பஞ்சாபியில் வண்ட் என்றால் பங்கு.

"இல்லப்பா. அடுத்தவங்க சொத்த வேணும்னே நாசம் பண்றது."

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். எங்க ஊருக்கு வந்து பாருங்க."

மன்ரூப்பும் சிரித்தாள். அவள் வீட்டிலும் பங்கு பிரித்திருந்தார்கள், சண்டை சச்சரவு இல்லாமல். பழைய வீடு லக்வீருக்கு. சாலையோரத்து மனை அவன் அண்ணன் நச்சத்தருக்கு. அதில் அவர் புது வீடு கட்டி முடித்துவிட்டார். அதுவரை பழைய வீட்டில் அவர் குடும்பம் இருந்தது; மன்ரூப் பின்கட்டு அறையில் எருமைகளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

அவள் வீடு திரும்பியபோது நச்சத்தர் சாவியோடு காத்திருந்தார். ஒரு பெட்டி லட்டும் கொண்டுவந்திருந்தார். "நல்லபடியா இருங்க பீபி" என்று கை கூப்பிவிட்டு டிராக்டரில் ஏறிப் போனார்.

கதவைத் திறந்ததும் முதலில் நாற்றம்தான் வந்தது.

கூடத்துச் சுவரெல்லாம் டிராக்டரிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் வழிந்திருந்தது. குரு படம் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டுப் படவில்லை. படத்தைப் பத்திரமாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் மரியாதையாக விட்டுவிட்டு ஊற்றியிருந்தார் நச்சத்தர். சுவிட்சுகள் கம்பியோடு பிடுங்கப்பட்டிருந்தன. குழாய்களை அறுத்து, தரை டைல்ஸை உடைத்திருந்தார்கள். கழிப்பறைக் குழிக்குள் சிமெண்டு இறுகிக் கிடந்தது. சமையலறைக்குள் போனவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். சமையல் மேடையின் நடுவில், அடுப்பு இருந்த இடத்தில், யாரோ ஏறி உட்கார்ந்து மலம் கழித்திருந்தார்கள். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

ஊர்த்தலைவர் அஜைப் சிங் வந்து பார்த்தார்.

"ஏதாவது களவு போச்சா மகளே?"

"இல்ல."

"அப்புறம் போலீசுக்குப் போய் என்னத்தச் சொல்றது? வீடு காலி பண்ணும்போது நாலு சாமான் உடையத்தான் செய்யும். அவன் பதிச்ச டைல்ஸ், அவன் உடைச்சான்."

"மேடைல இருக்கே, அதுவும் உடைசலா?"

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "நாய் ஏதாவது வந்திருக்கும்."

"பூட்டின வீட்டுக்குள்ள வந்து, மேடை ஏறிப் போயிட்டு, திரும்பப் பூட்டிட்டுப் போற நாயா?"

அவர் செருப்பை மாட்டினார்.

கூலிக்கு ஆள் கூப்பிட அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன் குடும்பத்து அசிங்கத்தை இன்னொருத்தர் கையால் அள்ளச் சொல்வதா? சாம்பலைக் கொட்டி, மண்வெட்டியால் தானே வழித்தாள். எத்தனை முறை சோப்புப் போட்டும், ரொட்டியைப் பிய்க்கும்போதெல்லாம் விரலில் அந்த வாடை வருவதுபோலவே இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வகுப்பில் அவள் எழுந்து கேட்டாள். "மேடம், அந்த வேண்டலைஸ். திருட்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

"திருடனுக்கு ஏதாவது கெடைக்கும் தீதி. இதுல செஞ்சவனுக்கு ஒண்ணும் கெடைக்காது. அடுத்தவனுக்கு இல்லாம போகும், அவ்வளவுதான்."

"அதுக்காகவா ஒருத்தன் மெனக்கெட்டு செய்வான்?"

கடைசி பெஞ்சிலிருந்து தில்பாக் பேசினான். "எங்க சித்தப்பா, எங்க பங்குக்கு வந்த வயல்ல பாட்டில உடைச்சு சேத்துல அமுக்கி வெச்சாரு. நாத்து நடப் போன எங்கம்மா கால் கிழிஞ்சுது. அன்னிக்கு நான் அதத்தான் சொன்னேன். நீங்கல்லாம் சிரிச்சீங்க."



நச்சத்தரின் புது வீட்டில் குரு கிரந்தப் பாராயணம் முடிந்து ஊருக்கே சாப்பாடு. மன்ரூப்பும் போனாள். போகாவிட்டால் அவள்தான் உறவை முறித்தாள் என்பார்கள். வரிசையில் தரையில் உட்கார்ந்தாள். நச்சத்தரே வாளியோடு பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தார். தலையில் காவித் துணி, முகத்தில் பக்தி.

"இன்னொரு கரண்டி போடட்டுமா பீபி?"

அவள் தட்டைக் கையால் மூடினாள். "அண்ணா, இந்தக் கையாலதான் கால் கழுவினீங்களா?"

"என்ன?"

"என் சமையல் மேடைல உக்காந்து எழுந்தப்புறம். இந்தக் கைதானா, அந்தக் கையா?"

நச்சத்தரின் மனைவி அடுப்படி வாசலில் தலையைக் குனிந்துகொண்டாள். "குரு சந்நிதில பேசற பேச்சா இது?" என்று ஒரு கிழவி அதட்டினாள். அதட்டல் மன்ரூப்பைப் பார்த்துத்தான். நச்சத்தரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் அடுத்த தட்டுக்குக் குனிந்தார். மன்ரூப் பிரசாதத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நடந்தாள்.

மறுநாள் லக்வீர் கூப்பிட்டான். "சபைல வெச்சு எதுக்கு எங்க மானத்த வாங்கின? அண்ணன் போன்ல அழறாரு."

"நான் அள்ளிப் போட்டேனே, அப்ப யாராவது அழுதாங்களா?"

"அது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கறேன்." அவன் குரலில் லேசாகச் சிரிப்பு வந்தது. "ஆனா நீயே சொல்லு. அந்த வீடு அவர் பங்குக்குப் போயிருந்தா நான் மட்டும் பூசி மெழுகியா குடுத்திருப்பேன்? பொறந்த வீடு. ஆம்பளைக்கு ஒரு ரோஷம் இருக்காதா?"

அவள் கண்ணுக்குள் அந்த மேடைமேல் குந்தியிருக்கும் ஆள் தெரிந்தான். ஆளின் முகம் லக்வீரின் முகமாக இருந்தது. போனை வைத்துவிட்டு முற்றத்து ஓரத்தில் போய் வாந்தியெடுத்தாள்.

கொத்தனார் வந்து மேடையைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கல்லு பீபி. ஆசிட் ஊத்தித் தேச்சா புதுசாயிடும்."

"உடைச்சு வெளிய போட்டுடுங்க."

அவர் சம்மட்டியை எடுத்தபோது போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

பரீட்சை நாளன்று அவள் போகவில்லை. ககன்ஜோத் பதறிப்போய்க் கூப்பிட்டாள். "தீதி, எங்க இருக்கீங்க? எல்லாரும் உள்ள போயாச்சு. நீங்க கண்டிப்பா தேறிடுவீங்க!"

"தெரியும் மேடம்" என்றாள் மன்ரூப். "தேறினா அந்த ஆளு வீட்டுல போய் சமைக்கணுமே."