வருவாய்: போதுமான அளவு

உச்சி கடந்தும் சினம் தணியாத கதிரவன், தட்டிக் கேட்பார் எவருமில்லாத பெருஞ்செல்வன் தன் ஏவலரை எரிப்பதுபோல் நகர் முழுவதையும் எரித்துக்கொண்டிருந்த பிற்பகற்பொழுது. நெடுந்தெருக்களில் ஊர்திகள் ஒன்றையொன்று வைதுகொண்டு ஊர்ந்தன; நிழல்கள் தத்தம் சுவர்களின் காலடியில் சுருண்டு கிடந்தன; இலையசைப்பதற்கும் யாரிடமேனும் இசைவு பெறவேண்டும் என்பனபோல் மரங்கள் வாளாநின்றன. அவ்வெம்மையின் நடுவே பல்கலைக்கழகத்தின் ஆட்சிமாளிகை எட்டுப் பெருந்தூண்களோடு எழுந்து நின்றது. கற்றறிந்த அன்பரே, அத்தூண்கள் மாளிகையைத் தாங்குவதாக எண்ணிவிடாதீர். பார்ப்போர் மதிக்கவேண்டிப் பின்னாளில் ஒட்டவைக்கப்பட்ட அவற்றை மாளிகைதான் தாங்கிக்கொண்டிருந்தது. முகப்பில் 'கல்வி அனைவர்க்கும் உரியது' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தனர். அதன் கீழே, சிறியதொரு பலகையில், 'பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை மட்டும்' என்றும் எழுதியிருந்தனர்.

மணி மூன்றைத் தொட்ட அவ்வேளையில், இருளை உருக்கி வார்த்தாற்போன்றதொரு நீண்ட மகிழுந்து வாயிலுள் நுழைந்து, நீரில் இறங்கும் அன்னமென ஓசையின்றி வந்து தூண்களின் முன்னே நின்றது. வெள்ளுடுப்பும் வெண்தொப்பியும் அணிந்த ஓட்டுநர் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து, இடுப்பை அரைச்சாண் வளைத்து நின்றார். உள்ளிருந்து பதினெட்டு அகவைப் பெண்ணொருத்தி, தாள்கட்டொன்றை நெஞ்சோடு அணைத்தவளாய், தணலில் கால்வைத்தாற்போல் துள்ளி இறங்கினாள்.

"அப்பா! கதவ நானே தொறந்துக்க மாட்டேனா? யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?"

"நல்லாத்தான் நெனப்பாங்க," என்றார் அவளுடைய தந்தையாகிய ஓட்டுநர்.

மூன்றாம் மாடியின் சாளரத்தருகே நின்று நீரருந்திக்கொண்டிருந்த நிதியுதவி அலுவலர் அதனைப் பார்த்துவிட்டார். அவர் நினைத்தது நல்லதாக இல்லை.

வண்டி, ஆலை ஒன்றும் வழக்குகள் பலவும் உடைய முதலாளி ஒருவருக்கு உரியது. அதனை இருபத்தோராண்டு ஓட்டிய நம் ஓட்டுநர், பின்னிருக்கை காட்டும் ஆடியில் முதலாளியின் முகத்தையே கண்டு கண்டு, தம் முகம் இன்னதென்பதை ஒருவாறு மறந்திருந்தார். முதலாளியின் செயல்கள் யாவும் அவர் வாயில் 'நாங்க' என்றே வரும். "நாங்க ரெண்டாவது ஆலையத் தொறக்கப் போறோம்" என்பார். "இந்த வருஷம் நாங்க மலைக்குப் போகல, எங்களுக்கு முட்டி வலி" என்பார். முட்டி முதலாளியுடையது. இதனைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த வாயிற்காவலர் அவருக்கு 'நாங்க சார்' என்று பட்டம் சூட்டியிருந்தார். ஓட்டுநரோ அதில் உள்ள 'சார்' ஒன்றையே செவியில் வாங்கி மகிழ்ந்திருந்தார்.

முதலாளியின் மாளிகைக்குப் பின்புறம் மகிழுந்துக் கொட்டகை. கொட்டகையின் மேல் எண்ணெய் மணக்கும் இரண்டு அறைகள். அவ்வறைகளில் ஓட்டுநரும், மாளிகைத் துணிகளைத் தேய்த்துப் பெட்டி போடும் அவர் மனைவியும், மகளும் வாழ்ந்தனர். கொட்டகையின் கூரைச்சரிவையும் மாளிகையின் வளைவுகளையும் சிறுமியாயிருந்த நாள்முதல் வரைந்து வரைந்து வளர்ந்த மகள், நுழைவுத்தேர்வில் ஒன்பதாம் இடம் பெற்றுக் கட்டடவியல் பயிலத் தகுதி உதவித்தொகையும் ஈட்டினாள். தகுதி, கட்டணத்தில் பாதியைக் கட்டும். எஞ்சிய பாதியையும் விடுதிச் செலவையும் வறியோர்க்கான நிதியுதவிதான் கட்டவேண்டும். ஆக, பாதிக்கு அவள் அறிவையும் பாதிக்கு அவள் வறுமையையும் மெய்ப்பித்தாக வேண்டும் என்பது முறை. அறிவை அவள் மூன்று மணிநேரத்தில் மெய்ப்பித்துவிட்டாள். வறுமையை மெய்ப்பிக்கும் பகுதி, குடும்பத்தலைவர் தம் கையாலேயே நிரப்புதற்குரியது.

குடும்பத்தலைவர் அதனை நிரப்பினார். முகவரி என்ற இடத்தில் மாளிகையின் எண்ணை எழுதி, 'பின்புறம், கொட்டகை மாடி' என்ற சிறுமைகளை விடுத்தார். அறைகள் எத்தனை என்ற இடத்தில் 'பதினாறு' என்றார். வருவாய் என்ற இடத்தில் நெடுநேரம் எண்ணி, 'போதுமான அளவு' என்று அழகிய எழுத்தில் பொறித்தார். ஏமாற்றுதல் அவர் நோக்கமன்று. முன்னிருக்கையிலிருந்து இருபத்தோராண்டு உலகைக் கண்டவர் அவர். இல்லாதவன் கேட்டால் உலகம் கொடுப்பதில்லை, இருப்பவன் கேளாதபோதும் ஓடிவந்து கொடுக்கிறது என்பதே அவர் கண்ட பாடம். வங்கியும் மருத்துவமனையும் முதலாளிக்கு எழுந்து நின்றதைக் கண்டவர், பல்கலைக்கழகம் மட்டும் ஏழைக்கு எழுந்து நிற்கும் என்று எங்ஙனம் நம்புவார்?

ஆய்வாளர் ஒருவர் முகவரியைத் தேடி வந்தார். வாயிலையும், பளிங்குப் படிகளையும், இரு வேட்டைநாய்களையும் தெருவில் நின்றபடியே கண்டு, 'உதவி தேவையில்லை' என்று எழுதிப் போனார். மறுப்புக் கடிதம் வந்த அன்று தாய் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்த வீட்டுல நாய்க்குக்கூட ஹால்ல படுக்க இடம் இருக்கு. நம்ம எடத்த விட்டுட்டு நாய் எடத்தப் போய் எழுதிக் குடுத்திருக்காரு, மகராசன்."

மேல்முறையீட்டிற்கு ஒரு வாரம் கொடுத்தார்கள். வேலையளித்தவரின் கடிதத்தோடு குடும்பத்தலைவர் நேரில் வரவேண்டும். வாராவிடில் இடம் அடுத்தவருக்குப் போகும். "கேட்டுட்டேன், நாளைக்குத் தர்றாங்க," என்று தந்தை நாள்தோறும் சொல்லி வந்தார். இன்று இறுதி நாள். முதலாளி ஒரு விருந்தில் இருந்தார். மூன்றரை மணிக்கு வண்டி அங்கே நிற்கவேண்டும். இடைப்பட்ட நேரத்தைத் திருடித்தான் தந்தை மகளை அழைத்து வந்தார், வறுமையை மெய்ப்பிக்க, அந்நகரின் மிக நீண்ட மகிழுந்தில்.

மூன்றாம் மாடியின் முன்கூடத்தில் மகளால் அமரமுடியவில்லை. அழைப்பு எண் நாற்பத்தேழு, உள்ளே நாற்பத்துநான்கு. எழுந்தாள், சுவரிலிருந்த மணிகாட்டியை நோக்கினாள், சுவருக்கும் தூணுக்கும் இடையே பதினோரடி என்று காலால் அளந்தாள், மீண்டும் அளந்தாள், ஒன்பதடியாயிற்று. தந்தையோ தொப்பியை வண்டியிலேயே விட்டுவந்த தலையைக் கோதியபடி, தூண்களைச் சுட்டி, "நாங்க வீட்டு முன்னாடி வெக்கலாம்னு பாத்தது இந்த மாதிரித்தான்," என்றார். அவள் நகத்தைக் கடித்தாள். எண் வந்தபோது மணி மூன்று இருபத்தைந்து.

மூக்கில் ஒரு கண்ணாடியும் தலையில் ஒரு கண்ணாடியுமாக வீற்றிருந்த அலுவலர் அம்மையார், இருவரையும் முதற்கண்ணாடியால் பார்த்தார்.

"அந்தக் கருப்பு வண்டியில வந்தது நீங்கதானே?"

"ஆமாம் மேடம். ஆனா..."

"கதவு தொறந்துவிட டிரைவர் வேற."

"அவர்தான் மேடம் எங்க அப்பா."

அம்மையார் இரண்டாம் கண்ணாடியை இறக்கித் தந்தையைப் பார்த்தார். தொப்பியற்ற தலையும், வளையாத முதுகும், தேய்த்த வெள்ளுடுப்பும் கண்டவர்க்கு அவர் ஆலைமுதலாளியின் உடன்பிறந்தார் போலவே தோன்றினார்.

"பதினாறு ரூம். மார்பிள் படி. ரெண்டு நாய். நேர்ல பாத்து எழுதியிருக்காங்க."

"நாய் எங்களோடது இல்ல மேடம்."

"வருமானம், 'போதுமான அளவு'." அம்மையார் அதனை இருமுறை படித்தார். "இருவத்தாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்மா. இப்படி ஒருத்தரும் எழுதினதில்ல. பணக்காரங்களே எழுதினதில்ல."

மகள் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, எழுதுகோலை எடுத்து, இதோ மாளிகை, இதோ பின்முற்றம், இதோ கொட்டகை, இதோ பதினேழு படிகள், மேலே இரண்டு அறைகள் என்று கோடும் அளவும் பிழையாமல் விரைந்து வரைந்தாள். அம்மையார் வியந்துதான் போனார்.

"அழகா இருக்கு. ஆனா படம் சான்று ஆகாதும்மா. அப்படிப் பாத்தா ஆளாளுக்குக் குடிசை வரைஞ்சு கொண்டாந்துடுவாங்க. வேலை குடுத்தவர் லெட்டர் எங்க?"

"அப்பா, லெட்டர்."

தந்தை தொண்டையைச் செருமினார். "நாங்க இந்த வாரம் கொஞ்சம் வேலையா இருந்தோம்..."

"நாங்கன்னா யாரு?" என்று கேட்டார் அம்மையார்.

இருபத்தோராண்டில் எவரும் கேளாத கேள்வி அது. கல்லெறியுண்ட குளம்போல் அவர் முகம் கலங்கிற்று.

"நீங்க கேக்கவே இல்லையாப்பா?"

அவர் கேட்கவேயில்லை. எவரோடு சேர்த்துத் தம்மை 'நாங்கள்' என்று சொல்லி வாழ்ந்தாரோ அவரிடமே போய், 'ஐயா, நான் ஏழை என்று எழுதித் தாருங்கள்' என்று நிற்க அவரால் இயலாமற்போயிற்று, அவ்வளவே. மணி மூன்று முப்பத்தெட்டு. மகளின் எழுதுகோல், வரைந்து முடித்த கொட்டகைக் கூரையின்மீதே மேலும் மேலும் கோடிழுத்து, தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுந்திற்று.

அப்போது தந்தையின் கைப்பேசி அலறியது.

அந்த அலறலின் பின் நிகழ்வது எதுவென மகள் அறிவாள். வீட்டில் அது ஒலித்ததும் அவர் எழுவார். பதினேழு படிகளையும் இறங்குவார். கைப்பேசியைச் செவிக்குள் புதைப்பதுபோல் அழுத்திக்கொண்டு வேலியோரம் நிற்பார். மீண்டு வந்து, "ஒண்ணுமில்ல, பேசிட்டு இருந்தோம்," என்பார். மறுமுனைக் குரலை அவளோ அவள் தாயோ இன்றுவரை கேட்டதில்லை. இப்போதும் அவர் எழுந்தார். கதவை நோக்கி நடந்தார். பிடியில் கைவைத்தவர் திரும்பிப் பார்த்தார். கூரை கிழிந்துகொண்டிருந்தது. அவர் மெல்ல மீண்டு வந்து, கைப்பேசியைத் தாள்களின் நடுவே மேசைமீது கிடத்தி, ஒலிபெருக்கும் பொத்தானை அழுத்தினார்.

"யோவ்! எங்கய்யா தொலைஞ்ச? நான் வெயில்ல நிக்கறேன், வண்டிய எவனுக்குக் காட்டப் போயிருக்க?"

"ஐயா, பொண்ணு படிப்பு விஷயமா யுனிவர்சிட்டி வரைக்கும்..."

"பொண்ணு படிப்புக்கா? என் வண்டியிலயா? ஓட்டறவன் எல்லாம் முதலாளி ஆயிட்டா நான் எதுக்குய்யா இருக்கேன்? இருவத்தோரு வருஷமா டிரைவர்னு வெச்சு சோறு போடறேன், ஷெட்டு மேல ரெண்டு ரூம் ஓசியில குடுத்திருக்கேன், உன் பொண்டாட்டி அயர்ன் பண்றான்னு உருப்படிக்கு இவ்வளவுன்னு தனியா வேற அழுவறேன்..."

அம்மையாரின் எழுதுகோல் விழித்துக்கொண்டது. தொழில் என்ற கட்டத்தில் ஓட்டுநர், பணியாண்டு இருபத்தொன்று, அறைகளில் பதினாறு அடிக்கப்பட்டு இரண்டு, தாயின் தொழில், துணி தேய்த்தல். வசை ஆறெனப் பெருக, படிவம் வயலென நிறைந்தது. ஒரே ஒரு கட்டம் எஞ்சிற்று. 'போதுமான அளவு' என்ற அழகிய எழுத்தின்மீது அம்மையார் எழுதுகோலால் இருமுறை தட்டி, தந்தையை நிமிர்ந்து பார்த்தார்.

தந்தை குனிந்து, கைப்பேசியிடம் பணிவாகச் சொன்னார்: "தப்புதான் ஐயா. வேணும்னா சம்பளத்துல புடிச்சுக்குங்க."

"எதுலய்யா புடிக்கறது? நான் குடுக்கறதே பன்னெண்டாயிரம்! அதுல புடிச்சா மிச்சம் என்னய்யா இருக்கும்?"

'மாசத்துக்கா?' என்று அம்மையார் ஒலியின்றி உதட்டை அசைத்தார்.

"மாசத்துக்குத்தானே ஐயா அது..."

"பின்ன, வாரத்துக்கா குடுப்பாங்க உனக்கு? பத்து நிமிஷத்துல வண்டி இங்க நிக்கணும். ஃபோன வெய்யா!"

மறுமுனை அறுந்தது. அம்மையார் தலைநிமிராமலே, 'வேலையளித்தவர் வாய்மொழியாக, தாமே முன்வந்து, உறுதிசெய்தார்' என்று எழுதி, முத்திரையைக் குத்தினார். மணி மூன்று ஐம்பத்தொன்று.

"தெளிவாப் பேசறாரு உங்க முதலாளி," என்றார், இரு கண்ணாடிகளையும் கழற்றியபடி. "ஒரு கட்டத்தக்கூட விடல."

இருவரும் படியிறங்கினர். முதல் மாடிக்கு வந்ததும் தந்தை, இடிந்த சுவரை உடனே எழுப்ப முனைபவர்போல், "கொஞ்சம் சத்தமாப் பேசுவாங்க. மனசு தங்கம்," என்றார்.

"தங்கம்னா நமக்குக் கட்டுப்படியாகாதுப்பா."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த கண்ணின் ஓரத்தை வெள்ளுடுப்பின் கைம்முனையால் துடைத்துக்கொண்டார். வண்டியருகே வந்ததும், பழக்கம் காரணமாகப் பின்கதவை நோக்கிப் போன கை பாதியில் நின்றது.

"நீயே தொறந்துக்கறியாம்மா?"

மகள் தாள்கட்டை இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். "நீங்களே தொறங்க. எப்படியும் திட்டப் போறாரு, முழுசாவே திட்டட்டும்."

அவர் தொப்பியை எடுத்து அணிந்தார், கதவைத் திறந்தார், இடுப்பை அரைச்சாண் வளைத்தார். அவள் அவசரமின்றி ஏறி அமர்ந்தாள். மூன்றாம் மாடிச் சாளரத்தில் நீரருந்த வந்த அம்மையார் மீண்டும் அதனைப் பார்த்தார். இம்முறை ஒன்றும் நினைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் உதவி ஒப்புதற் கடிதம் வந்தது. 'கொட்டகை மாடி' என்று அதில் தெளிவாக எழுதியிருந்தமையால் அஞ்சல்காரர் மாளிகை வாயிலில் மயங்கவில்லை. "என்ன, நாங்க சார், என்ன சேதி?" என்று வாயிற்காவலர் வழக்கம்போல் வாயைக் கிளறினார்.

"நாங்க கட்டடம் கட்டப் படிக்கப் போறோம்," என்றார் ஓட்டுநர்.

காவலர் சிரிக்க வாயைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். இருபத்தோராண்டு இரவல் உடைபோல் அவர்மீது தொங்கிக் கிடந்த அச்சொல், அன்றுதான் அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்திற்று.

அன்பரே, அந்தப் படிவம் இன்றும் அம்மாளிகையின் நிலைப்பேழை ஒன்றில், தன்னையொத்த பல்லாயிரம் படிவங்களோடு தூசு போர்த்து உறங்குகின்றது. அதன் ஒரு கட்டத்தில் 'போதுமான அளவு' என்று ஒரு தந்தை ஆசையோடு எழுதிய எழுத்தும், அதன் குறுக்கே ஒரு செங்கோடும், கோட்டின்மேல் பன்னிரண்டாயிரம் என்ற எண்ணும் இருக்கின்றன. எண் மெய். ஆயினும் அவ்வெழுத்து முற்றும் பொய்தானா என்று வினவ விரும்புவோர் அவ்வலுவலகத்தை அணுகிப் பயனில்லை. அதற்கென அங்கே கட்டமொன்றும் வகுக்கப்படவில்லை, இரண்டு மணிக்கும் இல்லை, நான்கு மணிக்கும் இல்லை.