சோளம் நிற்கையில்

அடிக்கட்டையை மூடுவதற்குச் சாணி தேடி அலைந்தபோதுதான், தேவைப்படும் நேரத்தில் ஊரில் ஒரு மாடுகூட இருப்பதில்லை என்பது எனக்கு உறைத்தது. பயிரை மேயாமல் இருக்க நவம்பரிலேயே எல்லா மாடுகளையும் தொலைவிலிருக்கும் பட்டிகளுக்கு ஓட்டிப் போயிருந்தார்கள். ஏரிக்கரையில் வெயில் இன்னும் ஏறவில்லை. என் கையில் கோடரி, உடம்பில் அரசாங்கம் கொடுத்த ஆரஞ்சு நிற மேலங்கி, காலடியில் நான் அப்போதுதான் வெட்டிச் சாய்த்த இலந்தை. கடைசியில் பாழடைந்த தொழுவம் ஒன்றின் மூலையில் காய்ந்த சாணி கிடைத்தது. மேலங்கியைக் கழற்றி அதில் அள்ளி வந்து, ஏரித் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டையின் தலையில் அப்பினேன். கிளைகளை இழுத்துப்போய்ப் பள்ளத்தில் தள்ளினேன். இலந்தைக்கு ஒரு முள் நேராக இருக்கும், அடுத்தது கொக்கியாக வளைந்திருக்கும். ஒன்றிடம் தப்பினால் மற்றது பிடித்துக்கொள்ளும். முழங்கை வரைக்கும் ரத்தக்கோடு. சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

விதைப்பு தொடங்கியதிலிருந்து சோளம் களத்துக்கு வரும்வரை எங்கள் பக்கத்தில் யாரும் இலந்தையை வெட்டமாட்டார்கள். வெட்டினால் வந்த மேகம் திரும்பிப் போய்விடும். போகாவிட்டால் ஆலங்கட்டியாகக் கொட்டும். இதை நீ நம்புகிறாயா என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கிறோமே, அதை நம்பியா செய்கிறோம்? அறுவடை முடிந்து, ஊர்த் தலைவர் மன்றத்தில் வாய் திறந்து சொன்ன பிறகுதான் கோடரி வெளியே வரும். அவ்வளவுதான்.

தெரிந்தும் வெட்டினேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தின் மாத வேலைக்கு எங்கள் ஊரில் ஆள் அதிகம், இடம் கொஞ்சம். அதனால் மாதாமாதம் மன்றத்து மரத்தடியில் பெயர்களை ஒரு வாளியில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஐந்து மாதமாக என் பெயர் அந்த வாளியின் அடியிலேயே தூங்கியது. ஜனவரியில் எழுந்து வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக இருபது பெண்களுக்கு என்னையே தலைவியாகவும் போட்டுவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வட்டாரச் சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து செனோலோ என்ற இளம்பெண் வந்து வேலையைச் சொன்னாள். முட்புதர்களின் வேர் ஏரிக்கரையை உடைக்கிறது, புல்லையும் முளைக்கவிடுவதில்லை, மாதம் முடிவதற்குள் கரை முழுவதும் வெட்டித் தீர வேண்டும். தீர்த்தால் அடுத்த மாதம் முப்பது பேருக்கு வேலை. தீராவிட்டால் உள்ள இருபது இடமும் வேறு ஊருக்கு. "நாளைக்குக் காலைல சீக்கிரமே போய் மாதிரிக்குப் பத்தடி வெட்டி, போட்டோ எடுத்து அனுப்பிடுங்கம்மா" என்றாள். அந்தப் பத்தடியில் ஏழு முட்புதரும் ஓர் இலந்தையும் இருந்தன. ஏழு புதரை வெட்டிய கை எட்டாவதிலும் இறங்கிவிட்டது. பாதியில் நினைவு வந்தது. நிறுத்தவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நானும் விதைத்திருந்தேன். ஊரிலிருந்து கழுதை வண்டியில் இரண்டு மணி நேரம் போனால் எங்கள் வயல். அங்கே என் வீட்டுக்காரர் குடிசை போட்டுக் குருவி விரட்டிக்கொண்டிருந்தார். சோளம் முழங்கால் உயரம். மூன்று வாரமாக மழை இல்லை. அதாவது, ஒரு கையால் விதைத்துவிட்டு மறு கையால் மழையை விரட்டியவள் நான்.

ஏழு மணிக்கு மற்றவர்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். முன்னால் பொனோலோ அம்மா. என் பக்கத்து வீட்டுக்காரி, என் வயதுதான். அவள் நாக்கைத் தீட்டக் கல் தேவையில்லை. கரையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தேநீர்த் தூக்கைத் தூக்கிக்கொண்டு நேராக வந்து, வேறு இடமே இல்லாததுபோல, நான் சாணி அப்பிய கட்டைமேல் ஒரு பழைய சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

"அடேயப்பா, என்ன சொகமா இருக்கு! மொதுசி அம்மா, நீயும் வந்து ஒக்காரேன்."

"எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

"இருக்கும், இருக்கும். தலைவியாச்சே. ஆனா ஒண்ணு சொல்லிடறேன் தாயி. முட்புதர் எத்தனை வேணா வெட்டறோம். இலந்தைய மட்டும் இங்க ஒருத்தியும் தொடமாட்டா."

"நான் தொடச் சொன்னேனா?" என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சொன்னபடியே செய்தார்கள். இரண்டு வாரத்தில் கரையில் இருந்த முட்புதர் எல்லாம் போனது; இலந்தைகள் மட்டும் அங்கங்கே நின்றன. தினமும் பத்து மணிக்குத் தேநீர் வேளையில் பொனோலோ அம்மா அதே கட்டையில் உட்கார்ந்து பொரித்த மாவுருண்டையைக் கடித்தாள். கடைசி மிடறு தேநீரை எப்போதும் கட்டை ஓரமாகவே ஊற்றுவாள். தினமும் பிற்பகலில் வடக்கே மேகம் கட்டும். எல்லோரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்ப்போம். நாலு மணிக்கு அது கடன்காரனைக் கண்டவன்போல நழுவிப் போகும். "யாரோ எங்கயோ கைய வச்சிருக்காங்க" என்பாள் ஒருத்தி. "இந்த ஊராவே இருக்காது" என்பாள் பொனோலோ அம்மா, கட்டைமேல் நன்றாக அசைந்து உட்கார்ந்தபடி. என் வீட்டுக்காரர் தொலைபேசியில், "பயிரு நாக்க தொங்கப் போட்டுடுச்சு" என்றார். அன்றைக்கு இரவுக் கஞ்சியைத் தொடாமல் மூடி வைத்தேன். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மழை வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்று நினைக்கவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

மூன்றாவது திங்கள்கிழமை செனோலோ வந்தாள். வண்டியிலிருந்து இறங்கியதும் கரையைப் பார்த்தாள், முகம் சுண்டிவிட்டது.

"என்னம்மா இது? பாதி மரம் அப்படியே நிக்குது! வெள்ளிக்கிழமை நான் அறிக்கை கொடுக்கணும். வேலை செய்ய மறுத்துட்டாங்கன்னு எழுதச் சொல்றீங்களா?"

பாவம், அவள் கெட்டவள் இல்லை. கரையைப் பற்றி அவள் சொன்னதும் உண்மைதான். வேர் ஓடிய இடத்தில் மண் வெடித்துக் கிடந்ததை நாங்களே பார்த்தோம். ஆனால் யாரும் கோடரியை எடுக்கவில்லை. அடுத்த மாதத்துக்கு வாளியில் கிடக்கும் பெயர்கள் எல்லாம் என் கண்முன் வந்து போயின. பேச வேண்டியவள் நான்தான். நான் கோடரிக் காம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பொனோலோ அம்மா எழுந்தாள். "மகளே, நீ எந்த ஊரு?"

செனோலோ கிழக்கே ஓர் ஊர் பெயரைச் சொன்னாள்.

"அங்க எவ்வளவு நல்ல மண்ணு! அம்மா இருக்காங்களா? இந்த வருசம் வெதச்சிருக்காங்களா?"

"வெதச்சிருக்காங்க. அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. ஒரு போன போட்டு, இப்ப இலந்தைய வெட்டலாமான்னு அவங்ககிட்டயே கேளு. வெட்டலாம்னு சொன்னா, மொத மரம் நான் வெட்டறேன்."

செனோலோ சிரித்தாள். படித்த பெண், அம்மா தன் பக்கம்தான் என்ற தைரியம். கரையின் மேல் ஏறி நின்றால்தான் இங்கே சிக்னல் கிடைக்கும். ஏறினாள். நாங்கள் இருபது பேரும் பின்னாலேயே ஏறினோம். எல்லோருக்கும் கேட்கும்படி கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

மறுமுனையில் அவள் அம்மாவின் குரல் சீறியது.

"யாருடி வெட்டச் சொன்னது?"

"ஆபீஸ்லம்மா."

"ஆபீஸ் வெதச்சிருக்கா?"

"அம்மா, ஸ்பீக்கர்ல இருக்கு..."

"இருக்கட்டும்! கேக்கட்டும்! இங்க நான் வானத்தப் பாத்துப் பாத்துக் கழுத்து ஒடிஞ்சு கெடக்கேன், நீ அங்க ஊரு ஊராப் போயி மழையத் தொரத்திட்டு இருக்கியா? இதுக்கா உன்னப் படிக்க வச்சேன்? அங்க இருக்கற அம்மாக்களா, கேக்குதா? எம் பொண்ணு தெரியாமச் சொல்லிட்டா. மன்னிச்சுக்குங்க!"

"கேக்குதம்மா! பரவால்லம்மா!" என்று இருபது குரல். ஏரிக்கரையில் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து சிரித்தோம். செனோலோவும் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நான் என்ன எழுத? ஏற்கெனவே மாதிரி வெட்டின போட்டோவை மேல அனுப்பிட்டேனே" என்று கைபேசியைத் தடவி அந்தப் படத்தைத் திறந்தாள்.

நான் எடுத்து அனுப்பிய படம். ஓரத்தில், சாணி அப்புவதற்கு முன்னால், வெள்ளைவெளேரென்று அந்தக் கட்டை.

சிரிப்பு நின்றது. இனி மூட எங்கே சாணி தேடுவது?

"நான்தான் வெட்டினேன்" என்றேன். "முதல் நாள். நீங்க வர்றதுக்கு முன்னாடி. முப்பது எடம் கெடைக்கும்னு ஆசைப்பட்டு... தெரிஞ்சேதான் வெட்டினேன். உங்க எல்லார் சோளத்துக்கும் நான் கெடுதல் பண்ணிட்டேன்." அழுதுவிட்டேன்.

பொனோலோ அம்மா பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா! பதினஞ்சு நாளா அந்தக் கட்டைமேல ஒக்காந்து எனக்கு இடுப்பே போச்சு. இவ இன்னிக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பாத்தா, கல்லுளிமங்கி!"

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு மட்டுமா? ஊருல ஒரு மாடு கெடையாது. ஏரிக்கரையில மட்டும் பச்சச் சாணி எப்படிடி வந்துச்சு? வானத்துலருந்தா?"

இருபது பேரும் மறுபடி சிரித்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்திகூட ஊரில் போய்ச் சொல்லவில்லை; நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பு முழுவதும் லேசாகிவிட்டது.

ஆனாலும் தலைவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்று பிற்பகலே மன்றத்துக்குப் போனோம். செனோலோ கால்சட்டை போட்டிருந்தாள். கால்சட்டையோடு பெண்கள் மன்றத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. பொனோலோ அம்மா தன் போர்வையை அவள் இடுப்பில் சுற்றி, குழந்தைக்குக் கட்டுவதுபோல இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டாள். நான் மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மழை என் கையில இல்ல, உன் கையிலயும் இல்ல" என்றார் கடைசியில். "கட்டை உன் கையில இருக்கு. சோளம் களத்துக்கு வர்ற வரைக்கும் தெனமும் அதுக்குத் தண்ணி ஊத்து." பிறகு செனோலோவைப் பார்த்து, "மகளே, அறுப்பு முடிஞ்ச மறுநாளே நான் மன்றத்துல சொல்றேன். கரையில ஒரு வேர் மிச்சம் இருக்காது. அதுவரைக்கும் இவங்களுக்கு வேற வேலை குடு" என்றார்.

ஏப்ரலுக்கென்று எழுதிவைத்திருந்த வேலையை செனோலோ இந்த மாதத்துக்கு மாற்றினாள். கரைக்குக் கீழே மழைநீர் அரித்த பள்ளங்களைக் கல்லால் அடைக்கும் வேலை. கல் சுமந்த முதல் நாளே, "இதுக்கு முள்ளே தேவலாம்" என்று எல்லோரும் என்னைத் திட்டினார்கள். வேலை மாறியதற்குக் காரணம் எழுத அறிக்கையில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம் இருந்தது. செனோலோ யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "நீங்களே எழுதுங்க, கையெழுத்து நல்லா இருக்கும்" என்று பேனாவை என்னிடம் கொடுத்தாள். 'சோளம் நிற்கிறது' என்று எழுதினேன். அவள் படித்துப் பார்த்தாள். கீழே கையொப்பம் போட்டாள். மேலே இருப்பவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை. அவர்களுக்கும் அம்மா இருப்பார்கள்.

மழையும் இன்னும் வரவில்லை. நேற்று இரவு வயல் பக்கம் மின்னியதாக வீட்டுக்காரர் சொன்னார். நான் தினமும் காலையில் சாணியை ஓரமாகக் கிளறிவிட்டு, கட்டைக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன்.

இன்று பத்து மணிக்குத் தேநீருக்கு உட்கார்ந்தோம். பொனோலோ அம்மா வழக்கம்போலச் சாக்கை எடுத்துக்கொண்டு கட்டைக்குப் போனாள். விரிக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். என்னைக் கூப்பிடவில்லை. சாக்கை உதறி, பக்கத்தில் வெறும் மண்ணில், சுடுகிற வெயிலில் போட்டு, முனகிக்கொண்டே கால் நீட்டி உட்கார்ந்தாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கட்டையின் ஓரத்தில், சாணியைத் தள்ளிக்கொண்டு, எறும்பு நீளத்துக்குப் பச்சையாக ஒன்று. அதற்குள் அதில் முள்கூட வந்திருந்தது. ஒன்று நேராக, ஒன்று வளைந்து.