அம்சம் சொன்ன சேதி

மூன்று மாதமாக ஒன்றாம் வகுப்பில் அம்சம் வாயைத் திறக்கவில்லை. கமருன்னிஸா டீச்சருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. எழுத்தில் தொடங்காதீர்கள், பிள்ளை பேசுகிற வாக்கியத்தில் தொடங்குங்கள் என்று மன்னார்குடிப் பயிற்சியில் சொன்னதை அப்படியே நம்பியவள் அவள். அனா ஆவன்னா என்று தொண்டை கிழியக் கத்தவிடும் வேலையெல்லாம் அவளிடம் கிடையாது. காலையில் பிள்ளைகள் வீட்டுச் சேதி சொல்வார்கள். அவள் பலகையில் எழுதுவாள். விரல் வைத்துப் படிப்பார்கள். பிழையில்லாமல் படித்தால் வகுப்பே கைதட்டும்.

அன்று அம்சம் தானாகவே எழுந்தாள்.

"எங்கப்பா வந்துட்டாரு டீச்சர். வைக்கோப் போருக்குள்ள படுத்திருக்காரு."

டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாக்பீஸ் ஓடியது. 'அப்பா வந்தார். வைக்கோல் போருக்குள் படுத்திருக்கிறார்.' பிள்ளைகள் மூன்று தடவை படித்தார்கள். மூன்றாவது தடவையில்தான் அவளுக்கு உறைத்தது. அம்சத்தின் அப்பா அரசப்பன். கூலி உயர்வு கேட்டு நடவை நிறுத்தியவன். பத்து நாளாகப் பண்ணை ஆட்கள் அவனைத் தேடுகிறார்கள். கிடைத்தால் ஸ்டேஷன் வரைக்கும்கூட உயிரோடு போகமாட்டான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. படித்த மடச்சி, என்ன காரியம் செய்துவிட்டாள்!

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பண்ணை ஏஜெண்டு குஞ்சிதபாதம். பள்ளிக்கூடக் கட்டடம் பண்ணையுடையது, அதனால் அவர் நினைத்தபோது வருவார். டீச்சர் முந்தானையாலேயே பலகையைத் துடைத்தாள்.

"ஏதோ புது முறையில சொல்லிக் குடுக்கிறீங்களாமே டீச்சர். இன்னைக்கு என்ன பாடம்?"

"இன்னும் ஆரம்பிக்கலைங்க."

முன்வரிசைப் பொன்னுத்தாய்க்குப் பொறுக்கவில்லை. டீச்சர் மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். ஓடிப்போய், பலகையில் மங்கலாகத் தெரிந்த கோடுகளின்மேல் விரலை வைத்தாள்.

"உக்காரு பொன்னுத்தாயி."

"படிக்கட்டும்ங்க," என்றார் ஏஜெண்டு.

பொன்னுத்தாய் ஒரு எழுத்துக்குக்கூடத் திக்கவில்லை. இரண்டு வாக்கியத்தையும் படித்து முடித்தாள்.

"இது யாரு வீட்டுச் சேதி பாப்பா?" அவர் குரல் அத்தனை கனிவாக இருந்தது.

"எங்க வீட்டுது," என்று அம்சம் எழுந்து நின்றாள்.

டீச்சர் ஏதாவது பொய் சொல்வதற்குள் குஞ்சிதபாதம் சைக்கிளைத் திருப்பினார்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர்."

பொன்னுத்தாய் பிழையில்லாமல் படித்ததற்கு வகுப்பு வழக்கம்போலக் கைதட்டியது. அம்சமும் தட்டினாள்.