மெருகேறிய சக்கரம்

தச்சுப் பட்டறையில் அவனுக்குப் பட்டப்பெயர் பளபளா. மேசையோ கதவோ, முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றாமல் விடமாட்டான். அவன் மெருகு போட்ட மேசையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவன் கையில் மனைவி தன் பந்தய சைக்கிளின் சக்கரங்களை ஒப்படைத்ததுதான் வினையாகப் போயிற்று.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வாரம் முழுக்க இரட்டை ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் பந்தயம். ஜெயித்தால் அணியில் இடம். வயது ஏறிக்கொண்டே போகிறது, இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. அந்தக் கார்பன் சக்கரங்களை அதுவரை அவனைத் தொட விட்டதே இல்லை.

"ரிம் ஓரத்துல பட்டை மாதிரி இருக்குல்ல, பிரேக் கட்டை அதைத்தான் கவ்வும். சுத்தமான துணியில ஸ்பிரிட் தொட்டுத் துடைங்க. வேற எதையும் போட்டுடாதீங்க."

"எனக்கே துடைக்கச் சொல்லித் தர்றியா? எல்லாம் என் நேரம்!"

குறை சொல்லக் கூடாது, கண்ணும் கருத்துமாகத்தான் செய்தான். கருப்புப் பிசுக்கு போகும்வரை துணி மாற்றி மாற்றித் துடைத்தான். பிரேக் கட்டையில் புதைந்திருந்த மணல் கார்பனைக் கீறிவிடும் என்று ஊசியால் குத்தி எடுத்தான். அத்தோடு எழுந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். ஆனால் மற்ற இடமெல்லாம் மின்ன, பட்டை மட்டும் சோகை பிடித்த மாதிரி வெளிறிக் கிடந்தது. கை சும்மா இருக்குமா? பட்டறை மெழுகை ஒரு விரலில் எடுத்தான். தேய்க்கத் தேய்க்கச் சக்கரம் ஜொலித்தது. உறையில் போட்டுக் கட்டி வைத்தான்.

பந்தயத்தன்று அவள் எண் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தபோது அவனே சக்கரங்களை மாட்டினான். சைக்கிளைச் சரிவில் உருட்டிக்கொண்டு போகும்போது பிரேக்கைப் பிடித்தான். சக்கரம் பாட்டுக்கு உருண்டது. இன்னும் அழுத்தினான். வழுக்கிக்கொண்டு போய் அரை மனதாக நின்றது.

அவன் சட்டையை உருவிப் பட்டையைத் தேய்தேய் என்று தேய்த்தான். சமதரையில் நிறுத்திப் பார்த்தான், நின்றது. ஒன்றும் ஆகாது, வாயை மூடிக்கொண்டிரு என்று மனசு சொன்னது. ஆனால் மலையில் கொண்டை ஊசி வளைவுகள், அதற்கப்புறம் பள்ளத்தாக்கு. அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். இத்தனை சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அதுதான் அவனைக் கொன்றது.

"மெழுகு போட்டுட்டேன்."

"எதுல?"

"பிரேக் பிடிக்கிற இடத்துல. பளபளன்னு இருக்கட்டுமேன்னு..."

அவள் முகம் செத்துவிட்டது. குனிந்து பிரேக் கட்டையை நகத்தால் சுரண்டினாள். நகத்தில் மெழுகு.

"கட்டையும் மெழுகைக் குடிச்சிருச்சு. மாத்துக் கட்டை வீட்ல கிடக்கு!"

அக்கம்பக்கம் ஓடிக் கேட்டாள். இருந்த ஒன்றிரண்டும் அலுமினிய ரிம்முக்கானவை, கார்பனுக்கு ஆகாது. விசில் ஊதினார்கள். மற்றவர்கள் புறப்பட்டுப் போனார்கள். அவள் சாலை ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தோளைத் தொடக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பும் வழியில் வண்டியில் அவள்தான் முதலில் கேட்டாள்.

"நான் கிளம்பின பிறகு தெரிஞ்சிருந்தா?"

"பின்னாலயே ஓடி வந்திருப்பேன்."

"ஆமா, ஓடி வந்து பிடிச்சிருவீங்க!" சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கோபம் போகலங்க. சீக்கிரம் போகவும் போகாது. ஆனா இனிமேலும் சக்கரத்தை நீங்கதான் துடைக்கணும்."

"நானா?"

"பேசாம இருந்திருக்கலாம்ல? நான் கிளம்பியிருப்பேன்ல? ஆனா சொன்னீங்களே."

அவன் கண்ணைத் துடைக்க வண்டியை ஓரம் கட்டினான்.