தொண்ணூறு நாள் திறக்காதவர்கள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் தம்பி மகன் ஜெனோ தந்த உரிமத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உரிமம் என்றால், எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துவதற்கான அனுமதி. இந்த வரியையும் அதில்தான் தட்டுகிறேன். மணி மூன்றரை. ஐந்துக்குள் முடித்தாக வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பாளையங்கோட்டையில் வெயில்...’ [வேண்டாம். அது எப்போதும்தான் அடிக்கிறது.]

2

ஜெனோ பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான். ஆசிரியர்களுக்கு நாற்பது உரிமங்கள். யாராவது தொண்ணூறு நாள் திறக்காவிட்டால் பட்டியலில் அவர் பெயர் சிவப்பாகிவிடும். அவன் ஸ்ரீவைகுண்டத்து வயல்காரர் வீட்டில் வளர்ந்தவன். அங்கே ஒருவர் தன் முறைக்கு மடையைத் திறக்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும். அதில் பேச்சே கிடையாது. அந்தப் பழக்கத்தில் சிவப்பாகத் தெரிந்த நான்கு பேரை நீக்கினான். மூன்றைப் புது ஆசிரியர்களுக்கும் ஒன்றை எனக்கும் தந்தான்.

[அடிக்குறிப்பு: வெளியாளுக்குத் தரக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கேட்டது நான்தான்.]

எனக்கு வந்தது ரீபா டீச்சருடையது. புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க வெளியூர் போயிருந்தார். இந்த இடத்தில் ஜெனோவை நல்லவனாகக் காட்ட ஒரு பத்தி எழுதி அழித்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அவர் திரும்பி வரமாட்டார் என்று அவன் நினைத்துவிட்டான்.

3

நேற்று அவரே அவனுக்குப் போன் செய்தார்.

“ஜெனோ தம்பி, என் பேர நீக்கிட்டதா மெயில் வந்து கெடக்கு. இன்னைக்குதான் பாத்தேன். என்னைய வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?”

“ஐயோ, இல்ல டீச்சர். அது மிஷின் தானா அனுப்புது.”

“சரிப்பா. டாக்டர் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. திங்கக்கிழம ஸ்கூலுக்கு வாரேன். பதினோரு வருசப் பாடமும் அங்கனதான இருக்கு? அத வச்சுதான் பிள்ளையளுக்கு நடத்தணும்.”

“இருக்கு டீச்சர்” என்றான். போனை வைத்த பிறகுதான் நாளை எண்ணிப் பார்த்தான். நீக்கிய முப்பதாம் நாள், மாலை ஐந்து மணிக்கு, அவருடைய கோப்புகளை மென்பொருள் அழித்துவிடும். அந்த நாள் இன்று. அதற்குள் ஓர் உரிமம் அவர் பெயருக்குத் திரும்பினால் எல்லாம் பிழைக்கும். திருப்பக்கூடியது என்னிடம் இருக்கும் இந்த ஒன்றுதான்.

4

காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டான்.

“பெரியப்பா, எடுத்துரட்டா?”

“பையலே. முடிவு இன்னும் வரல. முடிச்சுட்டுத் தாரேன்.”

“எழுதுன வரைக்கும் நான் எடுத்து வச்சுத் தாரேன். மிச்சத்த பேப்பர்ல எழுதுங்க.”

அவன் சொன்னது நியாயம். பேப்பர் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. பிறகு எதற்காகத் தள்ளிப்போட்டேன்?

முடிவு அ: திங்கட்கிழமை ரீபா டீச்சர் கணக்கைத் திறக்கிறார். உள்ளே ஒன்றுமில்லை. அவர் ஜெனோவைத் திட்டவில்லை. “நான் செத்துருவேன்னு நெனச்சியாப்பா?” என்று மட்டும் கேட்கிறார்.

எழுதியதும் எனக்கே புல்லரித்தது.

முடிவு ஆ: உரிமத்தைத் திருப்பித் தருகிறேன். அவர் வந்து பாடம் நடத்துகிறார். [சப்பென்று இருக்கிறது.]

முதல் முடிவுக்காகத்தான் காத்திருந்தேன். ஐந்து மணி ஆகட்டும் என்று எனக்குள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

5

நாலு ஐம்பத்திரண்டு. நான்காவது அழைப்பு. ஜெனோ அழுதுவிட்டான்.

“பெரியப்பா, ஒங்க கால்ல விழுதேன்.”

“எடுத்துருலே. இப்பமே எடு. நான் தட்டிக்கிட்டு இருந்தாலும் பாக்காத.”

அதற்குச் சில நிமிடம் பிடிக்குமாம். எடுத்ததும் இந்தப் பக்கம் அப்படியே நின்றுவிடும். அதுவரை உள்ளதைத்தான் நீங்கள் படிப்பீர்கள்.

ஆகவே, முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கதை ஒழுங்காக முடிந்து, கீழே என் பெயரும் தேதியும் இருந்தால், டீச்சரின் பாடங்கள் போய்விட்டன என்று அர்த்தம். பாதியில்