தோஹாவுக்கு இன்னும் தெரியாது

போர்டில் மூன்றாவது டப்பாவை வரைந்துகொண்டிருந்தபோது ரெனிட்டாவின் கைபேசி மேஜைமேல் உறுமியது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்தால், உங்கப்பா ஆஸ்பத்திரி இட்லியைத் தட்டோடு தள்ளிவிட்டார் என்று ஜேக்கப் சித்தப்பா ஆரம்பிப்பார். இந்த வாரம் முழுக்க இதே பாட்டுதான். அப்பா மரியதாஸுக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது.

"இது சென்னை, இது மும்பை, இது டெல்லி. ஒரே தகவலோட மூணு நகல். ஒருத்தர் கே.கே. நகர்லேர்ந்து கொட்டிவாக்கத்துக்கு வீடு மாறிட்டார். சென்னையில அட்ரஸை மாத்தியாச்சு. மும்பைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரல. இப்ப மும்பையைக் கேட்டா என்ன சொல்லும்?"

எம்.இ. முதல் வருஷம். பாதிப் பேர் ராத்திரி வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய உபகாரம். துறைத்தலைவர் கணேசமூர்த்தி நேற்று அவளைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நீங்க இந்த யூனிட்டை முடிச்சிடுங்க" என்றார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. சரி சார் என்று வந்துவிட்டாள்.

"கே.கே. நகர்னுதான் சொல்லும் மேம்," என்றாள் முன்வரிசை மெஹக். "கூரியர்காரர் பூட்டின வீட்டைத் தட்டிக்கிட்டு நிப்பார்."

"கரெக்ட். கொஞ்ச நேரத்துல மும்பையும் மாறிடும். அது வரைக்கும் பழசுதான்."

"அது பொய் இல்லியா மேம்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அதுக்குத் தெரியாதும்மா. தெரியாம சொல்றது எப்படிப் பொய்யாகும்?"

"தெரிஞ்சும் பழசையே சொன்னா?"

"அப்படி ஒரு சிஸ்டத்தை யாராவது எழுதுவாங்களா? எதுக்கு எழுதணும்?" என்று சிரித்தாள் ரெனிட்டா. கைபேசி மறுபடியும் உறுமியது. இந்தத் தடவை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

"ரெனிட்டா," என்றார் சித்தப்பா. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அண்ணன் பூட்டாரும்மா. காபி கேட்டாரு, வாங்கியாரப் போனேன். திரும்பி வந்தா நர்ஸுங்கல்லாம் சுத்தி நிக்கிறாங்க."

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, அசதி. ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வந்த அந்த இரும்பு நாற்காலியில் இன்றைக்கு உட்கார வேண்டாம் என்று உடம்பு தன் பாட்டுக்கு நினைத்துவிட்டது. சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நீ நேரா வூட்டுக்கு வந்துடு. இன்னொண்ணு. ஆஸ்வின்கிட்ட மூச்சு வுடாத. சீரியஸ்னு மட்டும் சொல்லு."

*

தம்பி ஆஸ்வின் அப்போது கடலுக்குமேல் எங்கேயோ பறந்துகொண்டிருந்தான். அப்பாவுக்கு முடியவில்லை என்று கேட்டதுமே டொராண்டோவில் கிடைத்த டிக்கெட்டைப் பிடித்துக் கிளம்பிவிட்டான். தோஹாவில் இறங்கி, சாயங்காலம் வரை காத்திருந்து வேறு விமானம் ஏறி, விடிவதற்குள் சென்னை வருவான். நாளைக்குச் சாயங்காலம் சாந்தோம் கோயிலில் பூசை, அதற்குப் பிறகு அடக்கம் என்று சித்தப்பா பங்குத்தந்தையிடம் பேசி முடித்துவிட்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் மயிலாப்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்தாயிற்று. வெள்ளைச் சட்டை, கைவிரல்களுக்கு நடுவே ஜெபமாலை, தலைமாட்டில் சிலுவை, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி. பெட்டியின் மோட்டார் அரிசி மில் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அல்போன்சா தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ரெனிட்டா உள் அறையில் மின்விசிறிக்குக் கீழே நிற்கும்போது ஆஸ்வின் வாட்ஸப்பில் கூப்பிட்டான்.

"அக்கா, தோஹா வந்துட்டேன். எப்படி இருக்காரு?"

எங்கிருந்தோ மூக்கில் வியர்த்தபடி சித்தப்பா முன்னால் வந்து நின்று உதட்டில் விரலை வைத்தார்.

"இருக்காருடா. தூங்குறாரு."

"முழிச்சாரா?"

"காலைல முழிச்சாரு. காபி கேட்டாரு." இது உண்மைதான்.

"என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரு. எங்க வந்துட்டிருக்கான்னு கேட்டாரு." இது உண்மையில்லை. பொய்ச் சுவரில் இரண்டாவது கல்லையும் வைத்தாயிற்று என்று அவளுக்கே தெரிந்தது.

"வெங்கடேஷ்கிட்ட பேசியிருக்கேன்க்கா. டியூட்டி முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரிப்போர்ட்டெல்லாம் பாக்கறேன்னான். தேவைப்பட்டா வேற இடத்துக்கு மாத்திடலாம்."

வைத்த கையோடு வெங்கடேஷுக்குப் போன் போட்டாள். ஆஸ்வினோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், இப்போது அடையாறில் டாக்டர். அவனிடம் செய்தியைச் சொன்னாள்.

"ஐயோ அக்கா. நான் இப்ப என்ன சொல்லட்டும் அவன்கிட்ட?"

"ஸ்டேபிளா இருக்காருன்னு சொல்லு. தூங்குறாருன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத, நான் சொன்னதோட ஒத்துப்போகணும்."

பிறகு டொராண்டோவில் இருக்கும் ஆஸ்வினின் மனைவி லிண்டா. சித்தி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டிருந்தாள். அவன் கூப்பிட்டால் எடுக்காதே, தூங்கிவிட்டேன் என்று அப்புறம் சொல்லிக்கொள் என்று ரெனிட்டா அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். அதற்குள் கோயில் பங்கு வாட்ஸப் குழுவில் யாரோ புண்ணியவான் அப்பாவின் படத்தைப் போட்டு, இறைவனில் துயில் கொண்டார் என்று எழுதிவிட்டார். சித்தப்பா லபோதிபோவென்று வாசலுக்கு ஓடி, போட்டவரைப் பிடித்து அழிக்க வைத்து, ஆஸ்வினையும் குழுவிலிருந்து தூக்க வைத்தார்.

"இன்னாத்துக்கு சித்தப்பா இவ்ளோ பாடு?" என்றாள் ரெனிட்டா. சித்தப்பாவோடு பேசினால் அவளுக்கும் இன்னாவே வந்துவிடும். "நேரா சொல்லிடலாம்ல?"

"தனியா கீறான்மா. அவனுக்கும் பிரஷர் கீது. ஏர்போர்ட்ல மயக்கம் போட்டு வுழுந்தா யாரு தூக்குவா? ஒரு வூட்ல ரெண்டு பெட்டி வைக்கணுமா? சொல்லு." அண்ணனை இழந்தவரின் கண் சிவந்திருந்தது. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

*

வெயில் இறங்கும்போது மாணவர்கள் சிலர் ரோஜா மாலையோடு வந்தார்கள். மாலையைப் பெட்டிமேல் எப்படி வைப்பது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரெனிட்டா வாங்கி வைத்தாள். மெஹக் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

கைபேசி அடித்தது. ஆஸ்வின் போட்ட சத்தம் அம்மா வரைக்கும் கேட்டது.

"அக்கா! வெங்கடேஷ் பேசினான். கஞ்சி குடிச்சாராமே அப்பா?"

பாவி, கஞ்சி எங்கிருந்து வந்தது? தூங்குகிறார் என்றுதானே சொல்லச் சொன்னாள். கூடுதலாக நல்லது செய்வதாக நினைத்து ஒரு கிண்ணம் கஞ்சியைச் சேர்த்திருக்கிறான்.

"ஆமாடா," என்றாள். "கொஞ்சம் குடிச்சாரு."

"மூச்சு வாங்கறது குறைஞ்சிருக்காம். எனக்கு இப்பதான்க்கா உசுரே வந்தது. நானும் ஏதோ சாப்பிட்டேன்."

"சாப்பிடு. இப்ப நல்லா தூங்குறாரு. அப்புறம் பேசறேன்."

தோஹாவில் அப்பாவின் உடம்பு மணிக்கு மணி தேறிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மெஹக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "வரோம் மேம்" என்று மெல்லச் சொல்லிவிட்டு மற்றவர்களோடு வெளியே போய்ச் செருப்பைத் தேடினாள். ரெனிட்டாவுக்குக் காது மடல் சுட்டது.

அவள் போய் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அவனா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"கஞ்சி குடிச்சாராமா உங்கப்பா?"

ரெனிட்டா கைபேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"எங்கப்பாவுக்கும் இப்டித்தான். கடலூர்லேர்ந்து தந்தி வந்துச்சு. ஃபாதர் சீரியஸ், உடனே கிளம்புன்னு. நீ வயித்துல. பஸ்ஸுல ஏறினதுலேர்ந்து ஜெபமாலை சொல்லிக்கினே போனேன். மாதாவே, எப்டியாவது பொழைக்க வை, பொழைக்க வைன்னு. பக்கத்து சீட்டுக்காரி கேலியா பாத்தா. நான் வுடல. வூட்டுத் தெருவுல திரும்புறேன், பந்தல் போட்டு வச்சிருக்காங்க. முந்தின நாளே பூட்டாராம்." அம்மா ஜெபமாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "செத்துப்போனவரைப் பொழைக்க வையின்னு வழியெல்லாம் கெஞ்சியிருக்கேன். ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியல. யாரு மேல கோவப்படறது? எல்லாம் என் நல்லதுக்குன்னுட்டாங்க."

"அப்ப சொல்லிடட்டுமாம்மா?"

"எனக்குத் தெரியாது. அவன் வுழுந்துட்டா நான்தான் சொல்லச் சொன்னேன்னு ஆயிடும். உனக்கு எப்டித் தோணுதோ."

எல்லாரும் கடைசியில் தன் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள் என்று ரெனிட்டாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆஸ்பத்திரி, வகுப்பு, விடைத்தாள், இப்போது இது. அழவாவது கொஞ்சம் நேரம் கொடுத்தால் என்ன? விமானம் ஏற இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். ஏறிவிட்டான் என்றால் விடியும்வரை போன் வராது. பேசாமல் இருந்துவிட்டால் தானாகத் தாண்டிப்போய்விடும். வாசலில் பந்தலைப் பார்த்து அவனே தெரிந்துகொள்வான். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து ஜெபமாலை ஆரம்பித்தார்கள். பாதியில் போன் வந்தது.

"அக்கா, போர்டிங் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு. இங்க ஒரு செருப்பு பாத்தேன். சுகர்காரங்களுக்குன்னே பண்ணது, உள்ள மெத்து மெத்துன்னு இருக்கு. வீட்டுக்கு வந்தப்புறம் போட்டு நடக்கட்டும். அப்பா சைஸ் எட்டா, ஒன்பதா?"

அவன் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ரெனிட்டா பெட்டியின் கால்மாட்டைப் பார்த்தாள். அப்பாவின் காலில் புது வெள்ளை சாக்ஸ். உள்ளே கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது சாக்ஸுக்கு மேலேயே தெரிந்தது. எட்டு என்று வாய்வரை வந்துவிட்டது.

"ஆஸ்வின், அங்க உக்கார இடம் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"உக்காருடா."

வாசலில் நின்ற சித்தப்பா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே வந்தார். அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"உக்காந்துட்டேன். என்ன?"

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்காரு, நம்ம ஊர்க்காரர்தான். ஈக்காட்டுத்தாங்கல்ல பட்டறை வச்சிருக்காராம். காதர்னு பேரு. இதே ஃப்ளைட்தான். என்னக்கா ஆச்சு?"

"அப்பா போயிட்டாருடா. காலைலயே. நீ ஃப்ளைட்ல இருந்தப்பவே."

ஜெபமாலை நின்றது. போனுக்குள் ஏதோ அறிவிப்பு அரபியில் ஓடியது, பிறகு ஆங்கிலத்தில் ஓடியது. அவன் மூச்சு விடுகிறானா என்று அவள் காதை அழுத்திக் கேட்டாள்.

"அப்ப கஞ்சி குடிச்சாருன்னது?" என்றான்.

"இல்லடா."

"என்னைக் கேட்டாருன்னது?"

"இல்லடா. காபி மட்டும்தான் கேட்டாரு. மீதியெல்லாம் நான் சொன்னது. வெங்கடேஷைத் திட்டாத."

அவன் அழுதான். சின்ன வயதில் மூக்கடைத்துக்கொண்டு அழுவானே, அந்த அழுகைதான். நடுவில் வேறொரு ஆண்குரல், "இன்னா தம்பி, இன்னா ஆச்சு, இந்தா தண்ணி குடி" என்றது. குப்பி திறக்கிற சத்தம் கேட்டது. ரெனிட்டாவும் அப்போதுதான் அழுதாள். பெண்களில் ஒருத்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அக்கா," என்றான் மூக்கைச் சிந்திவிட்டு. "போனை அப்பா காதுல வை."

"ஆஸ்வின்..."

"தெரியும்க்கா. பெட்டியிலதான இருக்காரு? பரவால்ல, வை. ஒரு நிமிஷம் பேசிட்டு ஏறிடறேன்."

அவள் பெட்டிமேலிருந்த மாலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"தெறக்கக் கூடாதும்மா, கூலிங் பூடும்," என்றார் சித்தப்பா.

"நீ சும்மா இரு ஜேக்கப்பு," என்று அம்மா எழுந்து வந்து கண்ணாடி மூடியின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். ஒரு கையால் மூடியைத் தாங்கிக்கொண்டு ரெனிட்டா குனிந்தாள். அப்பாவின் காதில் பஞ்சு வைத்திருந்தது. அதை மெதுவாக எடுத்துவிட்டு, கைபேசியை அங்கே வைத்தாள்.