மார்லிஸ் நட்ட கம்புகள்

ஹார்லன் அடிக்கடி மேலே நிமிர்ந்து பார்த்தான். கூரையில் முழங்காலுக்கு மேல் பனி கிடந்தது, அதன்மேல் மழை தூறத் தொடங்கியிருந்தது. வெறும் பனியென்றால் அவனும் மனைவியும் நடத்தும், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் கூடம் தாங்கும். மழையையும் குடித்துக் கனத்தால் தாங்காது. தட்டைக் கூரையில் தண்ணீர் இறங்க நாலே வடிகால்கள். நாலும் பனிக்கடியில் இருந்தன.

இதற்காகத்தான் டுலூத் நகரில் கடை வைத்திருப்பவர்கள் குளிருக்கு முன்பே வடிகாலுக்கொரு சிவப்புத் துணி கட்டிய கம்பை நட்டுவிடுவார்கள். மார்லிஸும் அக்டோபரில் தன் கையால் நட்டிருந்தாள். டிசம்பரில் அவள் புருஷன் ஹார்லன் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு மீன்பிடிக்கப் போய்விட்டான். உறைந்த ஏரியில் தோண்டிய துளைகளுக்கு அடையாளம் வைக்க அதைவிட வாகான கம்பு கிடைக்காது என்று ஐயாவுக்கு நினைப்பு. இன்று காலை மழை வருமென்று ரேடியோ சொன்னதும் திருட்டுத்தனமாக மேலே ஏறி, குத்துமதிப்பாக நாலு இடத்தில் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல இறங்கி வந்து காபி குடித்தான்.

கீழே கழிவறைக் கதவு சட்டத்தில் இறுகித் திறக்க மறுத்தபோதே கூரை தொய்கிறதென்று மார்லிஸ் புரிந்துகொண்டாள். விளையாடிக்கொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஹார்லனையும் கூட்டிக்கொண்டு பிளாஸ்டிக் மண்வாரியும் ரப்பர் சுத்தியுமாக மேலே ஏறினாள். இரும்பென்றால் கூரைமேல் ஒட்டிய ரப்பர் விரிப்பு கிழிந்துவிடும். முதல் கம்படியில் தோண்டினாள், வடிகால் இல்லை. இரண்டாவதிலும் இல்லை.

"இங்கதானே நட்டேன், ஹார்லன்?"

அவன் குனிந்து பூட்ஸிலிருந்த பனியைத் தட்டினான்.

"எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சுது. சொந்த வீட்டுல நின்னுக்கிட்டு அடுப்படி எந்தப் பக்கம்னு கேட்டாங்க."

அவள் கம்பையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தாள். காலடியில் எங்கோ உத்தரம் முனகியது. கூரை போனாலும் போகட்டும், அந்த முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீ சரியாத்தான் நட்ட. நான்தான் ஏரிக்குத் தூக்கிட்டுப் போனேன். காலைல கண்ட எடத்துல செருகிட்டேன்."

திட்டுவாளென்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. மேற்குச் சுவரோரம் போய் நின்று, கீழே மூன்றாவது பந்துத் தடத்துக்கு நேராக வடிகால் குழாய் இறங்குவதை நினைவுபடுத்திக்கொண்டு, எட்டு எடுத்து வைத்து உரக்க எண்ணி நடந்தாள். பதினாலில் நின்று தோண்டினாள். வடிகால் மூடி தட்டுப்பட்டது. ரப்பர் சுத்தியால் தட்டி அடைத்திருந்த பனிக்கட்டியை உடைத்ததும் தண்ணீர் கடகடவென்று உள்ளே இறங்கியது.

மார்லிஸ் அந்த ஈரப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், கண்ணில் நீர் வழிந்தது.

"பதினாலு எட்டு, ஹார்லன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

அவள் மண்வாரியை அவன் கையில் திணித்தாள்.

"மிச்சம் மூணையும் நீ தோண்டு. எடம் நான் சொல்றேன்."